யாவோய்க்குப் பண்டிதர் வகுத்த விதி

அன்று சபையில் இருந்தவர்கள்: குள்ள உருவமும் பெரிய மீசையும் கொண்ட அரசர் கனகசேகரர், அரசி, அமைச்சர் பெரியநம்பி, நிலைப்படியில் குனிந்தே நுழையும் நெட்டையான சோணாசலப் பண்டிதர், அரசிக்கு நூல் வாசிக்கும் குமுதவல்லி, வாயிற்காவலர் இருவர், சாமரம் வீசுவோர் நால்வர், மடைப்பள்ளிச் சமையற்காரர் ஒருவர். ஆகப் பன்னிரண்டு பேர்.

சமையற்காரரை அழைத்தது விருந்துக்காக அல்ல, அடுப்புக்காக. சபை நடுவே இருபத்துநான்கு மங்கா புத்தகங்கள் கிடந்தன. ஜப்பான் கப்பலில் வந்த சித்திரக் கதைகள். ஆணும் ஆணும் காதலிக்கும் இத்தகைய கதைகளுக்கு யாவோய் என்று பெயர். குமுதவல்லி ஆசையாகச் சேர்த்தவை. அவற்றை எரிக்க வேண்டும் என்பது பண்டிதரின் விண்ணப்பம்.

"மன்னா, இவை அகமா, புறமா என்று பார்த்தேன். இரு வீரர்கள் வாள் ஏந்துகிறார்கள். ஆகவே புறம். வாளைக் கீழே வைத்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள். ஆகவே அகம். எதிலும் ஒழுங்காகச் சேராததை அடுப்பில் சேர்க்கலாம்."

"எத்தனை படித்தீர்கள், ஐயா?" என்றாள் குமுதவல்லி.

"ஒன்று. அதிலும் பாதி. பண்டிதனுக்கு அது போதும். துரத்துகிறவன் செமே. துரத்தப்படுகிறவன் உகே. நெட்டையன் செமே, குட்டையன் உகே. நெட்டையன் விடாமல் பின்னால் வருவான். குட்டையன் மூன்று முறை வேண்டாம் என்பான். கடைசியில் இணங்குவான். யாவோய் என்றால் இவ்வளவுதான்."

"இருபத்துநான்கில் அப்படி இருப்பது ஒன்றுதான், ஐயா. எனக்கும் அது பிடிக்காது. வேண்டாம் என்றவனைத் துரத்துவதைக் காதல் என்று வரைந்தால் மூடி வைத்துவிடுவேன். மற்றவற்றில் குட்டையன் முதலில் கேட்பதும் உண்டு. இருவரும் ஒரே உயரமாக இருப்பதும் உண்டு. ஒன்றில் இருவரும் சேர்ந்து நூறு பக்கம் மீன் குழம்பு வைக்கிறார்கள். அதுதான் எனக்கு மிகப் பிடித்தது."

"படித்தவர்கள் எல்லாம் விதி சொல்ல முடியாது, அம்மணி."

அரசர் கையை உயர்த்தினார். "பண்டிதர் விதி நின்றால் புத்தகங்கள் அடுப்புக்கு. நிற்காவிட்டால் குமுதவல்லிக்கு."

"இந்த விதிப்படி நடப்பது எதுவும் யாவோய்தானா, ஐயா? புத்தகத்துக்கு வெளியே நடந்தாலும்?" என்றாள் குமுதவல்லி.

"உலகில் எங்கே நடந்தாலும்."

"அப்படியானால் போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நெட்டையர், ஒரு குட்டையர். நெட்டையர் விடிந்ததும் வாசலில் நின்று குட்டையரின் முகம் நிலவு என்று பாடினார். குட்டையர் வேண்டாம் என்றார். நந்தவனம்வரை அவர் பின்னாலேயே போய், தோள் மலை என்று பாடினார். வேண்டாம் என்றார். குளிக்கும் துறைக்கும் போய், நடை யானை நடை என்று பாடினார். அங்கேயும் வேண்டாம் என்றார். கடைசியில் இணங்கி, ஒரு பட்டுச் சால்வை போர்த்தினார்."

எல்லோரும் பண்டிதரின் தோளைப் பார்த்தார்கள். பண்டிதர் சால்வையைக் கழற்றி மடித்தார். அமைச்சர் மேற்கூரையைக் கவனிக்கத் தொடங்கினார். அரசரின் உயரத்தைப் பற்றி அந்தச் சபையில் அதுவரை ஒருவரும் பேசியதில்லை.

"பண்டிதரே, அப்படியானால் நான் உகேவா?" என்றார் அரசர்.

"மன்னா, அது வேறு. புலவன் பரிசில் பெறுவது."

"நெட்டை இருக்கிறது. குட்டை இருக்கிறது. மூன்று மறுப்பும் ஓர் இணக்கமும் இருக்கின்றன. என்ன குறைகிறது?"

"காதல் குறைகிறது, மன்னா."

"அதை நீங்கள் விதியில் சேர்க்கவே இல்லையே, ஐயா" என்றாள் குமுதவல்லி.

அரசி முதலில் சிரித்தார். பிறகு அரசர், மீசை ஆடும்படி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். புத்தகங்கள் குமுதவல்லிக்கே என்றார். வைத்துக்கொள்ளத் தேக்கு அலமாரி ஒன்றும் கொடுத்தார்.

"கெட்டதா என்று நாங்களும் பார்க்க வேண்டாமா?" என்றார் அமைச்சர். குமுதவல்லி இரவல் தரச் சம்மதித்தாள். அரசி ஆறு எடுத்தார். அமைச்சர், விசாரணைக்காக, ஐந்து. சாமரக்காரர்கள் ஆளுக்கு இரண்டு. காவலர்கள் ஆளுக்கு ஒன்று. மீன் குழம்பு சமையற்காரருக்கு. பண்டிதர், விதியைத் திருத்துவதற்காக மட்டும், சால்வைக்குள் ஒன்று.

மிஞ்சியது ஒன்று. நெட்டையன் துரத்தும் அந்தக் கதை. அரசர் பார்க்கும்படி அதைக் கையில் எடுக்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை.