வான்குடை வேட்டைக்காரர்கள்

சென்னையில் ஒரு கலைக்களஞ்சியம் தயாராகிக்கொண்டிருந்த காலம் அது. தலைமைப் பதிப்பாசிரியர் சிவகாமசுந்தரிக்கு நாற்பத்திரண்டு வயது. அவரிடம் எழுதக் கற்றுக்கொண்ட மாணவர் சவரிமுத்துவுக்கு ஐம்பத்தைந்து.

சவரிமுத்து ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். பாதை வெட்டுவதும் பாலம் போடுவதும் கண்ணிவெடி எடுப்பதும் அவர் இருந்த படையின் வேலை. களஞ்சியத்தின் முதல் தொகுதி வெளிவந்தபோது, ஆற்றுப்பாலம் பற்றிய கட்டுரையில் நான்கு தவறுகள் இருப்பதாக வேலூரிலிருந்து ஓர் அஞ்சலட்டை எழுதினார்.

பதில் வந்தது. “தவறு ஆறு. மற்ற இரண்டையும் கண்டுபிடித்தால் நேரில் வரவும்.”

பத்து நாள் கழித்து வந்து நின்றார். அன்று முதல் ஏழு வருடம் அந்த அலுவலகத்தில் படைத்துறைக் கட்டுரைகளெல்லாம் அவர் பொறுப்பு. தன்னைவிட இளையவரான ஆசிரியரை அவர் அம்மா என்றுதான் அழைப்பார். அவர் முன் உட்காரச் சொன்னால்தான் உட்காருவார்.

கடைசித் தொகுதி அச்சுக்குப் போகவிருந்தது. அதில் ஜெர்மனியின் வான்குடைப் படை பற்றி ஒன்றரைப் பக்கம் வேண்டும் என்றார் ஆசிரியர். இரண்டாம் உலகப் போரில் விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்துச் சண்டை போட்டவர்கள்.

சவரிமுத்து மறுநாளே ஆறு பக்கம் கொண்டுவந்தார். தலைப்பு: பச்சைப் பிசாசுகள்.

“பிசாசா?” என்று கேட்டார் ஆசிரியர்.

அது எதிரிகள் வைத்த பெயர் என்று சவரிமுத்து விளக்கினார். எதிரியே அப்படிச் சொல்கிறான் என்றால் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது என்றார்.

“அவங்க தங்களை என்னன்னு சொல்லிக்கிட்டாங்க?”

“வான்குடை வேட்டைக்காரர்கள்னு.”

“அதைப் போடுங்க. பிசாசுன்னு போட்டா பேயோட்டுறவங்கதான் இந்தப் பக்கத்தைத் தேடி வருவாங்க.”

சவரிமுத்து தலைப்பை அடித்துத் திருத்தினார். ஆசிரியர் படிக்கத் தொடங்கினார்.

நன்றாகவே எழுதியிருந்தார். அந்தப் படையின் பாராசூட்டில் கயிறு முதுகில் கட்டியிருக்கும். கையால் திருப்ப முடியாது, காற்று கொண்டுபோன இடத்தில்தான் இறங்க வேண்டும். விமான வாசலிலிருந்து கைகளை விரித்துத் தலைகுப்புறப் பாய்வார்கள். துப்பாக்கிகள் பெரும்பாலும் தனிப் பெட்டியில் விழும். இறங்கியவன் குண்டு மழைக்கு நடுவே ஓடி அதைக் கண்டுபிடிக்கும்வரை இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கிதான். கிரேக்க நாட்டின் கிரீட் தீவில் பல பேர் தரையைத் தொடும் முன்பே இறந்தார்கள். பிறகு இத்தாலியில், கஸீனோ மலையில், இடிந்த கற்களுக்குள் மாதக்கணக்கில் பதுங்கியிருந்து நகர மறுத்தார்கள்.

ஆறாவது பக்கம் வேறு மாதிரி இருந்தது. ஆங்கிலேயர் பக்கம் போரிட்ட இந்தியப் படையோடு அந்த மலையில் சவரிமுத்துவும் இருந்திருக்கிறார். பாதை வெட்டப் போனபோது அவர் நண்பன், நாயக் பதவியிலிருந்த குப்பாண்டிக்கு வயிற்றில் குண்டு பட்டது. அடிபட்டவர்களை எடுத்துப் போக இரண்டு பக்கமும் சற்று நேரம் சுடாமல் இருந்தார்கள். ஸ்ட்ரெச்சரின் முன்பக்கத்தை சவரிமுத்து தூக்கினார். பின்பக்கம் பிடிக்க ஆள் இல்லை. பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு ஜெர்மானிய வேட்டைக்காரன் எழுந்து வந்து, ஒன்றும் பேசாமல் பிடித்துக்கொண்டான். முந்நூறு அடி இறங்கி, நம் ஆட்கள் வந்ததும் கொடுத்துவிட்டுத் திரும்பி ஏறினான். குப்பாண்டி பிழைத்தான். அவனுக்கு இப்போது பேரன் இருக்கிறான்.

ஆசிரியர் தாள்களைக் கீழே வைத்தார்.

“கிரீட்ல சண்டை முடிஞ்ச பிறகு என்ன செஞ்சாங்க?”

சவரிமுத்து தாள்களை எடுத்து அடுக்கினார். அவருக்குத் தெரியாது என்று நினைத்த ஆசிரியர், நூலகத்தில் பார்த்து வரச் சொன்னார்.

நான்கு நாள் சவரிமுத்து அலுவலகம் வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தபோது கட்டுரை ஒன்றரைப் பக்கமாகச் சுருங்கியிருந்தது. கிரீட்டில் சண்டைக்குப் பிறகு நடந்தது பற்றி ஒரு வரியும் இல்லை.

“நூலகத்துல கிடைக்கலையா?”

“கிடைச்சுதும்மா.”

நின்றபடியே சொன்னார். தங்கள் ஆட்களை ஊர்க்காரர்கள் கொன்றதாகச் சொல்லி, வேட்டைக்காரர்கள் ஒரு கிராமத்துக்குள் நுழைந்திருக்கிறார்கள். ஆண்களைப் பிரித்து ஒலிவ மரத் தோப்புக்குக் கூட்டிப்போய்ச் சுட்டிருக்கிறார்கள். விசாரணை ஒன்றும் நடக்கவில்லை. போர் நடந்தபோது தனக்கு இது தெரியாது என்றும், பின்னால் அரைகுறையாகக் கேள்விப்பட்டபோது தேடிப் படிக்காமல் விட்டுவிட்டதாகவும் ஒப்புக்கொண்டார்.

பிறகு தன் கேள்வியைக் கேட்டார். “ஸ்ட்ரெச்சர் பிடிச்சவன் அந்தத் தோப்புல இருந்தானா இல்லையான்னு எனக்குத் தெரியாது. நான் எழுதினா, அவனையும் அதுல கொண்டுபோய் நிறுத்தின மாதிரி ஆகாதா? நன்றின்னு ஒண்ணு இருக்கே அம்மா?”

ஆசிரியர் எழுந்து அலமாரியிலிருந்து ஐந்தாம் தொகுதியை எடுத்தார். ஒரு பக்கத்தைப் பிரித்து அவர் முன் வைத்தார். உட்காரச் சொன்னார்.

தணிகாசலம் என்ற துணை ஆட்சியரைப் பற்றிய சிறு கட்டுரை. பஞ்ச காலத்தில் நூற்றுப்பத்துக் கிணறுகள் வெட்டுவித்தவர். அதற்கு ஒரு வரி. 1942ஆம் வருடம் ஒரு விடுதலைப் போராட்ட ஊர்வலத்தின் மேல் சுட உத்தரவிட்டவர். இறந்த ஏழு பேரின் பெயர்களும் இருந்தன. அதற்கு மூன்று வரி.

சவரிமுத்து இதை முன்பே படித்திருக்கிறார். புரூஃப் திருத்தியதே அவர்தான். அடியில் எழுதியவரின் பெயர் எழுத்துகள்: த. சி.

இந்த முறைதான் அந்த முதல் எழுத்தில் அவர் கண் நின்றது. அவர் நிமிர்ந்து ஆசிரியரைப் பார்த்தார்.

“அப்பா,” என்றார் ஆசிரியர்.

அவர் நல்ல அப்பாவாக இருந்தாரா என்று சவரிமுத்து கேட்டார்.

“பள்ளிக்கூடத்துக்கு அனுப்பக்கூடாதுன்னு வீட்ல எல்லாரும் சொன்னாங்க. அவர்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனார். நான் இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கறதே அவராலதான்.”

“அம்மா இதை எழுதினப்போ அவர் இருந்தாரா?”

“இருந்தார். அச்சுக்குப் போறதுக்கு முன்னே காட்டினேன். ஒரு பேர்ல எழுத்துப்பிழை இருக்குன்னு சொன்னார். அந்த ஏழு பேர்ல ஒரு பேர்.”

சவரிமுத்து தொகுதியை மெதுவாக மூடினார். தன் தாள்களை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் இருந்த தன் மேஜைக்குப் போனார். மாலைவரை நிமிரவில்லை.

அவர் திரும்பி வந்தபோது கட்டுரையில் கிராமம் இருந்தது. நாள் இருந்தது. தோப்பு இருந்தது. விசாரணை நடக்கவில்லை என்பதும் இருந்தது. அலங்காரமாக ஒரு சொல் இல்லை. குதிப்பதைப் பற்றி எழுதியதில் எதையும் அவர் குறைக்கவில்லை.

ஆசிரியர் இரண்டு முறை படித்தார். அவர் முகம் மலர்ந்தது. ஏழு வருடத்தில் இவ்வளவு நேரான கட்டுரை இந்த மேஜைக்கு வந்ததில்லை என்றார். சவரிமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

கடைசியில் ஒரு வரியை அவரே அடித்திருந்தார். பென்சில் கோட்டுக்கு அடியில் எழுத்து தெரிந்தது: கஸீனோ மலையில் இப்படையினன் ஒருவன், காயம்பட்ட இந்தியச் சிப்பாய் ஒருவனைத் தூக்கி இறக்க உதவினான், இக்கட்டுரையாளர் உடனிருந்தார்.

ஆசிரியர் ரப்பரை எடுத்து அந்தப் பென்சில் கோட்டை அழித்தார். வரி மறுபடி தெளிவாகத் தெரிந்தது.

சவரிமுத்து பதறினார். தோப்புக்குக் கீழேயே இது வந்தால் நன்றாக இருக்காது என்றார்.

“நடந்ததுதானே?”

“நடந்ததும்மா. ஆனா ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்தா, படிக்கிறவங்க எதை நம்புவாங்க?”

“ரெண்டையும்,” என்றார் ஆசிரியர்.