நந்தி ஏறின வழி

கட்டிவிட்ட கதைன்னா சொல்ற செண்பகம்? நான் பக்கத்துலயே நின்னேன்டி! நம்ம தவமணி தோட்டத்துல கிணறு வெட்டினப்ப கிடைச்ச கல் நந்தியைச் சேத்தோட லாரியில ஏத்திட்டுப் போனாங்களே மியூசியத்துக்காரங்க. அந்த லாரி டிரைவர் எங்க வீட்டு ரசத்தைக் கேட்டுக் கேட்டுக் குடிச்சான், அது கிடக்கட்டும். கழுவி வச்ச நந்தியைப் பார்க்கணும்னு தவமணிக்கு ஆசை. வீல்சேர்ல போனா, வாசல்ல உசரமா படிக்கட்டு.

அங்க இருந்த பெரிய அதிகாரி மீசையைத் தடவிக்கிட்டு, "பழைய கட்டடம்மா. இந்தப் படியைத் தவிர உள்ள வர வேற வழியே கிடையாது. ஏற முடிஞ்சா வா"ன்னுட்டார்.

தவமணி கோபப்படல. "சரிங்கய்யா. காலை மடக்கிப் படுத்திருக்கிற எங்க நந்தி மட்டும் இதுல எப்படி ஏறுச்சு?"ன்னா.

சுத்தி நின்ன கூட்டம் கொல்லுனு சிரிச்சிருச்சு. அவரு சாவியை எடுத்துக்கிட்டு நடந்தாரு. பின்னாடி கல்லு ஏத்துற சரிவுப் பாதை இருந்துச்சு, அந்தக் கதவைத் திறந்துவிட்டாங்க.

உள்ள போனா, ஆத்தாடி! ஆளுசர நந்தி. கழுத்து மணியில கயித்து முறுக்குகூடத் தெரியுது, கல்லுலடி! சிரிச்ச கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டுச்சு. தவமணி அண்ணாந்து பார்த்துக்கிட்டே இருந்தா. அந்தக் கதவை அப்புறம் பூட்டவே இல்ல.

நம்பலைன்னா அவகிட்டயே கேளு, அதோ வர்றா. ஏ செண்பகம்! அந்த அகலப் பலகையைக் கொண்டா, நம்ம வாசப்படியில போடணும்!