நாயக்கர் சொல்லிக் காட்டிய நன்றி

வெள்ளம் வடிந்ததும் பாளையக்காரர் வீரமல்லு நாயக்கர் ஊரையே அரண்மனை வாசலில் கூட்டினார்.

"ஏரி உடையாம ஊரைக் காப்பாத்தினேன். எனக்கு நன்றி சொல்லுங்க!"

கூட்டம் ஏதோ முணுமுணுத்துவிட்டு நின்றது. அவருக்கு விசிறி வீசிக்கொண்டிருந்த பணிப்பெண் பேச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னடி இளிப்பு? பொழுது சாயறதுக்குள்ள இவங்களை மனசார நன்றி சொல்ல வை. அடிக்கக் கூடாது, பரிசும் கொடுக்கக் கூடாது. முடியலைன்னா குடும்பத்தோட ஊரைவிட்டுப் போ!"

பேச்சி விசிறியைக் கீழே வைத்தாள். கும்பிட்டுச் சொன்னாள்:

"இவங்ககிட்ட யாரும் நன்றி சொன்னதே இல்லை சாமி. அதான் சொல்லத் தெரியலை. நீங்களே ஒருதடவை சொல்லிக் காட்டினா புடிச்சுக்குவாங்க."

பாடம் நடத்துவதென்றால் நாயக்கருக்கு ஏகப் பெருமை. "யார்கிட்ட சொல்லட்டும்?"

"ஒச்சப்பன்கிட்ட சாமி. மண்மூட்டை வர்றவரைக்கும் விரிசல் விட்ட ஏரிக்கரையில முதுகைக் கொடுத்து நின்னவரு."

நாயக்கர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒச்சப்பா, நீ நின்னதால..." அவன் முதுகின் ரணம் கண்ணில் பட்டது. அவன் கரையில் நின்ற நேரம் தாம் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது.

"நீ நின்னதாலதான்ப்பா என் பிள்ளைங்க உயிரோட இருக்கு. நான் ஒண்ணுமே செய்யலை."

ஒச்சப்பன் அழுதுவிட்டான். "இத்தனை பேர் முன்னால சொன்னீங்களே சாமி, அது போதும்" என்று கும்பிட்டான். கூட்டமும் "நன்றி சாமி" என்று கைகுவித்தது.

"நாங்க ஊரைவிட்டுப் போகணுமா சாமி?" என்றாள் பேச்சி.

"போகாதே தாயி. மண்மூட்டை சுமந்தவங்க யாருன்னு காட்டு" என்று நாயக்கர் படியிறங்கினார்.