தையல்நாயகி சிரித்த இடம்

ஆற்றங்கரை மடத்துக்கு வருகிறவர்கள் சிவகாமி அம்மாவிடம் பெரிய பெரிய கேள்விகளாகக் கேட்பார்கள். பிறப்பு ஏன், இறப்பு ஏன், மனம் எப்போது அடங்கும் என்று. கலியபெருமாள் கேட்டது ஒரு சினிமாப் படத்தைப் பற்றி.

"அது சிரிப்புப் படமா இல்லையாம்மா?"

பக்கத்தில் தியானத்தில் இருந்தவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். கலியபெருமாளுக்கு அறுபத்து நான்கு வயது. நெற்றி நிறைய விபூதி. மடத்தில் சேர்ந்து பதினெட்டு நாளாக வாயே திறக்காத மனிதர். திறந்ததும் இதுவா வர வேண்டும்?

படத்தின் பெயர் இங்கே வேண்டாம். சொன்னால் பாதிப் பேர் சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். மீதிப் பேர் இதெல்லாம் ஒரு படமா என்று சண்டைக்கு வருவார்கள். பண்டிகை என்றால் டிவியில் தவறாமல் வரும் படம் என்பது போதும்.

சிவகாமி அம்மா சிரிக்கவில்லை. அவர் கலியபெருமாளைவிடப் பதினைந்து வயது சின்னவர். இருபது வருஷம் பெரியாஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். எந்தக் கேள்வி எங்கே வலித்து வருகிறது என்று பார்க்கிற பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை.

"யாருக்குச் சிரிப்பு வந்துச்சு?" என்று கேட்டார்.

"தையல்நாயகிக்கு. என் சம்சாரத்துக்கு."

அதற்குப் பிறகு கலியபெருமாள் நிறுத்தவே இல்லை.

மின்வாரியத்தில் மீட்டர் ரீடிங் எடுத்தவர் அவர். ஒரு எண்ணை இரண்டு தடவை பார்க்காமல் எழுதியதே கிடையாது. படம் வரும் நாளில் தையல்நாயகி அடுப்பை அணைத்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரிப்பாள். அவர் நாற்காலியில் பேப்பரோடு இருப்பார்.

"இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்பார்.

"வந்து உக்காந்து பாருங்க, தெரியும்" என்பாள்.

அவர் போனதில்லை. போன பொங்கலுக்கும் படம் வந்தது. அப்போது அவள் படுத்த படுக்கை. வயிற்றில் நோய், உடம்பில் பாதி கரைந்திருந்தது. படம் ஆரம்பித்ததும் மெல்ல நகர்ந்து, கட்டிலில் பக்கத்து இடத்தைக் கையால் தட்டிக் காட்டினாள். பேசத் தெம்பில்லை. "உடம்பை அலட்டிக்காம தூங்கு" என்று சொல்லி அவர் டிவியை அணைத்தார். நாலாம் நாள் அவள் போய்விட்டாள்.

"அப்புறம் இருபத்தாறு தடவை பாத்துட்டேம்மா. ஒரு தடவைகூட சிரிப்பு வரல. பொண்ணு விழுந்து விழுந்து சிரிக்குது. மாப்பிள்ளை இதெல்லாம் பழைய சரக்குங்கிறார். எதுத்த வீட்டு வாத்தியார் அசிங்கம்ங்கிறார். ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. முப்பத்தெட்டு வருஷம் ஒரே வீட்ல இருந்தவ எதுக்குச் சிரிச்சான்னு எனக்குத் தெரியலையே. அப்ப நான் யாரோட குடும்பம் நடத்தினேன்?"

அவர் குரல் உடைந்தது. அறுபத்து நாலு வயதில் ஒரு சினிமாப் படத்துக்காக அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

சிவகாமி அம்மா எழுந்தார்.

"நான் அந்தப் படம் பாத்ததில்ல அய்யா. மொச்சை உரிக்கணும். அடுப்படிக்கு வந்து சொல்லுங்க."

அடுப்படியில் சமையல்காரப் பவுனம்மாவும் இருந்தாள். மூன்று பேரும் முறத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கலியபெருமாள் முதல் காட்சியிலிருந்து தொடங்கினார். ரீடிங் வாசிப்பது போலவே வாசித்தார். ஒரு காட்சியையும் விடவில்லை, ஒரு காட்சியிலும் உப்பில்லை.

கல்யாணப் பந்தி வந்தது. பரிமாறுகிறவன் வாளியோடு வழுக்கி விழ, சம்பந்தியின் காலில் பாயசம் கொட்டுகிறது. அவர் பந்தி முழுக்க ஒற்றைக் காலில் குதிக்கிறார்.

"இங்க எல்லாரும் சிரிப்பாங்க" என்றார் கலியபெருமாள்.

"அதுல என்ன சிரிப்பு?" என்றாள் பவுனம்மா. புடவையைக் கொஞ்சம் தூக்கி இடது பாதத்தைக் காட்டினாள். விரலிலிருந்து கணுக்கால் வரை தோல் சுருங்கி வெளுத்திருந்தது. "எட்டு வருஷம் ஆச்சு. பாயசம்தான். தோலோட ஒட்டிக்கும், உதறினாலும் போகாது. மூணு மாசம் நடக்கல."

கலியபெருமாள் தலையை ஆட்டினார். வெந்த காலை நினைத்துக்கொண்டு கேட்டால் எப்படிச் சிரிப்பு வரும்? நியாயம்தான். ஆனால் தன் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாக அவருக்குப் படவில்லை.

"உங்க வீட்டம்மா இந்த இடத்துல சிரிப்பாங்களா?" என்று கேட்டார் சிவகாமி அம்மா.

"ம்ஹூம். அவளுக்குப் பூட்டு சீன்தான்."

"அது என்ன?"

"கதாநாயகனோட மாமா ஒருத்தன். குடும்பமே கல்யாணத்துக்கு ரயில் பிடிக்கக் கிளம்புது. இவன் வீட்டைப் பூட்டி இழுத்துப் பாக்கிறான். தெருமுனை வரைக்கும் போய்ட்டு திரும்பி வந்து இழுத்துப் பாக்கிறான். மறுபடியும் போய்ட்டு, மறுபடியும் வர்றான். ரயில் போயிடுது. எல்லாரும் தலையில கைய வச்சு நிக்கிறாங்க. இவன் மட்டும் நிம்மதியா, 'பூட்டு பூட்டித்தான் இருக்கு'ங்கிறான். தியேட்டரே அதிரும்னு சொல்றாங்க."

அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"நான் கேக்கிறேன், அதுல என்னம்மா தப்பு? பூட்டைப் போட்டவன் இழுத்துப் பாக்க வேண்டாமா? அவன் ஒருத்தன்தான் அந்தப் படத்துலயே பொறுப்பான ஆளு. அவனைப் போய்..."

பவுனம்மா மொச்சையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

"அந்த இடத்துல அவங்க எப்படிச் சிரிப்பாங்க?" என்றார் சிவகாமி அம்மா.

"சீன் வர்றதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடுவா. சிரிச்சுக்கிட்டே என் பக்கம் திரும்பிப் பாப்பா. எனக்கு எரிச்சலா வரும். பேப்பரைத் தூக்கி முகத்தை மறைச்சுக்குவேன்."

சிவகாமி அம்மா முறத்தைத் தள்ளி வைத்தார்.

"டவுனுக்குப் போகணும். மருந்து வாங்கணும். பதினொண்ணரை பஸ்ஸுக்கு நீங்களும் வாங்க. சாமான் அறையைப் பூட்டிட்டு வந்துடுங்க."

மடத்தில் மளிகைச் சாமான் வைக்கிற அறை அது. வந்த நாள் முதல் அதைப் பூட்டுவது கலியபெருமாளின் வேலை. அவர் பூட்டினார். இரண்டு கையாலும் பிடித்து, உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்துத் தொங்கிப் பார்த்தார். சாவியை மடியில் செருகிக்கொண்டு முற்றத்தைத் தாண்டி வாசலுக்கு வந்தார். சிவகாமி அம்மா சாலையோரத்தில் பையோடு நின்றிருந்தார். பஸ் வரும் சத்தம் தொலைவில் கேட்டது.

கலியபெருமாள் நின்றார். நெற்றியைச் சுருக்கினார்.

"ஒரு நிமிஷம்மா."

திரும்பிப் போய் இழுத்துப் பார்த்தார். பூட்டித்தான் இருந்தது. வேகமாக வந்தார். வாசற்படி இறங்கும்போது, இழுத்தபோது கேட்ட சத்தம் சரியான சத்தம்தானா என்று ஒரு சந்தேகம். அது ஒரு சின்ன சந்தேகம்தான், ஆனால் அதை மனசில் வைத்துக்கொண்டு அவரால் டவுன் வரை போக முடியாது. மறுபடியும் ஓடினார்.

அவர் வெளியே வந்தபோது பஸ் நின்று, அவருக்காகக் காத்திராமல் கிளம்பி, ஆற்றுப் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த பஸ் இரண்டு மணிக்கு. சிவகாமி அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கலியபெருமாள் மூச்சு வாங்கினார். மனசு லேசாகியிருந்தது.

"பூட்டு பூட்டித்தாம்மா இருக்கு" என்றார்.

அடுப்படி ஜன்னலில் பவுனம்மா சிரித்துவிட்டாள். பதினெட்டு நாளாக அடக்கி வைத்திருந்த சிரிப்பு. வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

கலியபெருமாள் திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு போன பஸ்ஸைப் பார்த்தார். தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் அவர் காதில் விழுந்தது.

தன் வீட்டுத் தெருமுனை அவருக்கு நினைவு வந்தது. ஒயர் கூடையோடு தையல்நாயகி அங்கே நிற்பாள். எந்த ஊருக்குக் கிளம்பினாலும் நிற்பாள், வெயிலோ மழையோ. அவர் பூட்டை இழுத்துவிட்டுத் திரும்புகிற ஒவ்வொரு தடவையும் அவள் முந்தானை முகத்தில் இருக்கும். வேர்வையைத் துடைக்கிறாள் என்றுதான் முப்பத்தெட்டு வருஷமும் அவர் நினைத்திருந்தார்.

சாவி மடியில் குத்தியது. அவர் மெல்லச் சாலையோரக் கல்லில் உட்கார்ந்தார். சிவகாமி அம்மாவும் பையை இறக்கி வைத்தார்.

"அவ சிரிச்சது என்னைப் பாத்தாம்மா?"

சிவகாமி அம்மா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வாழ்ந்த காலமெல்லாம் என்னைக் கேலி பண்ணிக்கிட்டா இருந்தா?"

"கேலி பண்றவங்க நம்ம முதுகுக்குப் பின்னாடி சிரிப்பாங்க அய்யா. அவங்க கட்டில்ல நகந்து உங்களுக்கு இடம் குடுத்தாங்க."