கன்னியப்பனோடு சேர்ந்த கோட்டு

புத்திசாலிகள் வாழ்ந்த ஊர்களைப் பற்றி எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள். கல்லேரிப்பாக்கத்துக்கு நான் ஒருவன்தான். ஆகவே கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

வேலூர்ப் பக்கத்து வெயில் உங்களுக்குத் தெரியும். அதில் முக்கால்வாசி கல்லேரிப்பாக்கத்தில்தான் இறங்குகிறது. அப்பேர்ப்பட்ட ஊரில்தான் ‘போர் விமானிகளின் பழைய தோல் கோட்டு சேகரிப்போர் சங்கம்’ இருந்தது. மேகத்துக்கு மேலே பறந்தவர்கள் குளிரில் உயிர் போகாமலிருக்கப் போட்டுக்கொண்ட கோட்டை, மின்விசிறிக்கு அடியில் பனியனோடு உட்கார்ந்து ஆராதிக்கிற சங்கம். உறுப்பினர்கள் மூவர், மூவரும் நிர்வாகிகள். தலைவர் மார்க்கபந்து சைக்கிள் கடைக்காரர். செயலாளர் ஏகாம்பரம் கல்யாண மண்டப மேனேஜர். பொருளாளர் டெய்சி ராணி தையல் கடை வைத்திருந்தார். சங்கத்துக்கு ரப்பர் ஸ்டாம்ப் இருந்தது, பேனர் இருந்தது, வருஷா வருஷம் விழா நடந்தது. விழாவில் ஒருவருக்கொருவர் சால்வை போர்த்திக்கொண்டார்கள். கோட்டு மட்டும் இல்லை.

அது ஒரு குறையாகவே யாருக்கும் தோன்றவில்லை. வாசகசாலையின் மாடி அறையில் சங்கம் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. தபால்தலைச் சங்கம் அதே அறையைக் கேட்டபோதுதான் வினை வந்தது. தபால்தலைக்காரர்களிடம் உண்மையாகவே தபால்தலை இருந்தது. வாசகசாலைக் கமிட்டி கூடி யோசித்து, “ஞாயிற்றுக்கிழமைக்குள் மாநிலச் சம்மேளனத்தின் அங்கீகாரம் வாங்குங்கள், இல்லாவிட்டால் சாவியை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்” என்று முடிவு சொல்லிவிட்டது. தபால்தலைச் சங்கத்துப் பத்மநாபன் மறுநாளே டேப்போடு வந்து ஜன்னலை அளந்துகொண்டு போனார்.

மார்க்கபந்து அன்று சாப்பிடவில்லை. கடையில் அவர் சொல்வதை யாரும் கேட்பதில்லை. வீட்டில் அவரைச் சொல்லவே விடுவதில்லை. ‘தலைவர் அவர்களே’ என்று அவரை ஒருவர் கூப்பிடும் இடம் இந்த உலகத்திலேயே அந்த அறை ஒன்றுதான். எனக்கே பாவமாக இருந்தது.

சம்மேளனத்து ஆய்வாளர் வசந்தமாலினிக்கு ஏகாம்பரம் போன் போட்டார். “உங்க கிட்ட ஒரே ஒரு கோட்டு இருந்தாப் போதும் சார். ஆனா அது பறந்ததா இருக்கணும். கடையில தொங்கினது செல்லாது” என்றார் அந்த அம்மா.

உடனே ஆம்பூருக்குப் போய்ப் புத்தம்புதுத் தோல் கோட்டு ஒன்று வாங்கி வந்தார்கள். அதைப் பறக்க வைக்க வேண்டும். மூவரும் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி, தலைவர் கையால் அதை வீசினார்கள். கோட்டு நேராகக் கீழே போய், நின்றுகொண்டிருந்த எருமையின் தலையில் கவிழ்ந்தது. எருமை அதோடு ஏரிப் பக்கம் ஓடியது.

“பறந்துதா, விழுந்துதா?” என்று கேட்டார் தலைவர்.

“கீழ வந்துச்சு இல்ல, அதுக்குப் பேரு இறங்குறது” என்றார் ஏகாம்பரம். “பறக்காத ஒண்ணு எப்படிங்க இறங்கும்?”

“எருமை ஓடுதே, அது எந்தக் கணக்கு?” என்றார் டெய்சி ராணி.

எருமை சேற்றில் புரண்டு எழுந்தபோது கோட்டில் காலர்தான் மிச்சமிருந்தது.

ஏகாம்பரம் மறுபடி போன் போட்டு நடந்ததை மறைக்காமல் சொன்னார். அந்த அம்மா ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார். “புதுசு வேணாம் சார். நிஜமான பழசா தேடுங்க. கிடைச்சா, எப்படிக் கிடைச்சுதோ அப்படியே வெச்சிருங்க. துடைக்காதீங்க, எண்ணெய் போடாதீங்க, ஜிப்புல கை வெக்காதீங்க. கிடைச்ச இடத்துல என்ன குளிரோ என்ன சூடோ, அதையும் மாத்தாதீங்க. நான் ஞாயித்துக்கிழமை நேர்ல வரேன்.”

கோட்டு கிடைத்தது. சர்ச் விருந்துக்கு ஐஸ் சொல்லப் போன டெய்சி ராணிதான் பார்த்தார். ஊர்க்கோடி ஐஸ் பாக்டரியில், குளிர் அறைக்குள் கன்னியப்பன் என்பவர் கையில் கொக்கியோடு ஐஸ் பாளங்களை இழுத்துக்கொண்டிருந்தார். அவர் மேலே பழுப்பு நிறத் தோல் கோட்டு. உள்ளே ஆட்டு ரோமம், பித்தளை ஜிப், காதுவரை காலர், முழங்கையில் தேய்மானம். யுத்த காலத்தில் விமானத் தளத்தில் சமையல் செய்த அவருடைய தாத்தாவுக்கு, ஊருக்குத் திரும்பிய விமானி ஒருவன் கொடுத்துவிட்டுப் போனது.

மூவரும் ஓடி வந்து கோட்டைக் கேட்டார்கள்.

“நல்லா இருக்குதே நியாயம்” என்றார் கன்னியப்பன். “இத்தக் குடுத்துட்டு இந்தக் குளிர்ல நான் இன்னா பண்றது? வேணும்னா என்னையும் சேத்துத் தூக்கினு போங்க.”

அவர் கிண்டலாகச் சொன்னார். அவர்கள் மாட்டுவண்டி கொண்டுவந்தார்கள்.

நாலைந்து ஐஸ் பாளம், மேலே மரத்தூள், நடுவில் கழுத்துவரை ஜிப் போட்ட கன்னியப்பன். உச்சி வெயிலில் கடைத்தெரு வழியாக ஊர்வலம் போயிற்று. பார்த்தவர்கள் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார் என்று நினைத்துக் கடையை இழுத்து மூடினார்கள்.

மாடி அறையில் ஜன்னலெல்லாம் சாத்தி, ஐஸை நாலு பக்கமும் அடுக்கி, கன்னியப்பனை நடுவில் நிறுத்தினார்கள். கொக்கியைக் கீழே வைக்க விடவில்லை. கிடைத்தபோது கையில் இருந்தது அல்லவா. கொஞ்ச நேரத்தில் அவர், “உக்காரலாமா சார்?” என்று கேட்டார். சங்கம் அவசரமாகக் கூடியது.

“கிடைக்கும்போது நின்னுக்கிட்டிருந்தாரு” என்றார் ஏகாம்பரம். “நிலைமை மாறக் கூடாது.”

“நின்னது ஆளுங்க, கோட்டு இல்ல” என்றார் டெய்சி ராணி. தையல்காரர் அல்லவா, அளவு தெரியும். “கோட்டு இடுப்போட முடியுது. அதுக்குக் கீழ நடக்கிறது கோட்டைச் சேராது.”

மார்க்கபந்து கண்ணை மூடி ஆலோசித்து, இடுப்புக்குக் கீழே கன்னியப்பனுக்கு முழுச் சுதந்திரம் என்று தீர்ப்புச் சொன்னார். கன்னியப்பன் விறைப்பாக உட்கார்ந்தார். தினம் மூன்று வேளையும் பிரியாணி வந்தது. டெய்சி ராணி ஊட்டிவிட்டார். குளிர் அறையில் இழுத்த இழுப்புக்கு இது தேவலை என்று அவரும் பேசாமல் இருந்துவிட்டார். ஊரில்தான் சர்பத் கடைகளுக்கு ஐஸ் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வசந்தமாலினி வந்தார். பின்னாலேயே பத்மநாபனும் டேப்போடு வந்து வாசலில் நின்றார். கதவைத் திறந்ததும் பனிப்புகை. நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் கொக்கியோடு ஒரு மனிதர்.

“இவர் யாரு?”

“கோட்டு கிடைச்சப்ப உள்ள இருந்தவருங்க” என்றார் மார்க்கபந்து பணிவாக.

வசந்தமாலினி இது மாதிரி எவ்வளவோ சங்கங்களைப் பார்த்தவர். மேற்கொண்டு கேட்கவில்லை. “சரி. உள்பக்கம் முதுகுல ஒரு சீட்டு தைச்சிருக்கும். அதைப் பார்க்கணும். கழட்டுங்க.”

ஏகாம்பரம் மெல்லச் சிரித்தார். “சோதிச்சுப் பாக்கறீங்க. ஜிப்புல கை வெக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“இப்ப நானே சொல்றேன், வெக்கலாம்.”

“ரெண்டாவது சோதனை” என்று டெய்சி ராணி தலைவரின் காதில் சொன்னார்.

மார்க்கபந்துவுக்கு வியர்த்தது. சீட்டைக் காட்டாவிட்டால் அறை போய்விடும். ஜிப்பைத் திறந்தாலும் போய்விடும். அவர் கன்னியப்பனைச் சுற்றி வந்தார், இன்னொரு முறை வந்தார், பிறகு முகம் தெளிந்து நிமிர்ந்தார்.

“கோட்டைக் கழட்டக் கூடாது. ஆனா ஆளைக் கழட்டக் கூடாதுன்னு அம்மா சொல்லவே இல்லை.”

அதற்கு மேல் விவாதம் தேவைப்படவில்லை. டெய்சி ராணி கன்னியப்பனை எழுப்பிவிட்டு, அந்த நாற்காலி மேல் ஏறிக் காலரைப் பிடித்துக்கொண்டார். தலைவரும் செயலாளரும் ஆளுக்கொரு காலைப் பிடித்துக் கீழ்ப்பக்கமாக இழுத்தார்கள். கன்னியப்பன் வயிற்றருகே மாட்டிக்கொண்டார். மாட்டியது பிரியாணிதான் என்று நினைக்கிறேன். ஐஸ் தண்ணீர் தரையெல்லாம் ஓடியதால் கடைசியில் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டார். கோட்டு ஜிப் போட்டபடியே டெய்சி ராணியின் கையில் தொங்கியது.

வசந்தமாலினி கீழே குனிந்து டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். எழுந்தபோது அவர் குரலே மாறியிருந்தது.

“அசல். எங்க பெரிய பெரிய சங்கத்துல இருக்கிறதுல பாதி, ஷூட்டிங்குக்குத் தைச்சது. இது நிஜமாவே பறந்திருக்கு. அங்கீகாரம் குடுத்தாச்சு, தலைவர் அவர்களே. அறையை நீங்களே வெச்சுக்குங்க.”

பத்மநாபன் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். மார்க்கபந்து அழுதுவிட்டார். அன்று ‘தலைவர் அவர்களே’ என்று அவரைக் கூப்பிட்டவர் சென்னையிலிருந்து வந்த ஆய்வாளர் அல்லவா.

அதோடு அந்த அம்மா காரில் ஏறியிருந்தால் நல்லபடியாக முடிந்திருக்கும். கதவைச் சாத்துமுன், பேச்சுவாக்கில், “இத்தனை வருஷம் இதைக் கெடாம காப்பாத்தினது அந்த ஐஸ் அறைக் குளிர்தான். அது அங்கயே இருக்கிறதுதான் அதுக்கு நல்லது” என்றார்.

சங்கம் அன்று சாயங்காலமே கூடி ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. கோட்டு இருக்குமிடம்தான் சங்கம். மார்க்கபந்து தபால்தலைச் சங்கத்துக்குத் தானே நடந்து போய், பத்மநாபனின் கையில் சாவியைக் கொடுத்து, சால்வையும் போர்த்திவிட்டு வந்தார். பேனர் ஐஸ் அறைச் சுவரில் ஏறியது. கன்னியப்பன் பழையபடி கோட்டை மாட்டிக்கொண்டு பாளம் இழுக்கப் போனார்.

மறுநாள் காலையில் அங்கே முதல் கூட்டம். சாக்கு விரித்து ஐஸ் மேல் உட்கார்ந்தார்கள். வரவேற்புரையிலேயே ஏகாம்பரத்தின் பல் தந்தியடித்தது.

“த-தலைவர் அவர்களே, கோட்டுக்குக் குளிர் வேணும். நமக்குச் சூடு வேணும். என்ன செய்யறது?”

தலைவர் உதடு நீலம் பாரித்தபடி கன்னியப்பனைப் பார்த்தார். கன்னியப்பன் சீழ்க்கையடித்தபடி வேலை செய்துகொண்டிருந்தார்.

“அவருக்கு மட்டும் ஏன் குளிரலை?”

“குளிர் கோட்டுக்கு வெளியதாங்க இருக்கு” என்றார் டெய்சி ராணி. “உள்ள சூடுதான்.”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜிப்பில் கை வைக்கக் கூடாது. வழி எது என்று அவர்களுக்குத் தெரியும்.

கொஞ்ச நேரம் கழித்து ஐஸ் பாக்டரி முதலாளி உள்ளே வந்து, வாசலிலேயே நின்றுவிட்டார். ஒரே கோட்டு, ஆறு கால். முன்பக்கம் குனிந்து தலைவர் கீழ்வழியாகத் தலையை நுழைத்திருந்தார், பின்பக்கம் செயலாளர். பொருளாளர் பெண்பிள்ளை என்பதால் மரியாதையாகப் பக்கத்தில் நின்று, இரண்டு பாக்கெட்டிலும் கையை மட்டும் விட்டிருந்தார்.

கன்னியப்பன் கழுத்தை நிமிர்த்தி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“லோடு ஏத்தக் கொஞ்சம் லேட்டாவும் முதலாளி. உள்ள கூட்டம் நடந்துனு இருக்குது.”