கழுத்தோரத்துக் கோடு

ஒரு மலையூரில், சைக்கிள் கடை ஒன்றின் ஆணியில், பழைய மலையேறும் சைக்கிளின் ஃபிரேம் தொங்கிக்கொண்டிருந்தது. சக்கரம் இல்லை, சீட் இல்லை, ஹேண்டில்பார் இல்லை; வெறும் எலும்புக்கூடு. அதற்கு இருந்தது ஒரே ஆசைதான்: இன்னொரு முறை மலை ஏற வேண்டும். ஒரு கெட்ட பழக்கமும் இருந்தது. எதையும் நோண்டி நோண்டிக் கேட்கும்.

கடைக்காரர் செல்வின் ஒருநாள் அதை இறக்கினார். புதுப்பித்து இணையத்தில் விற்பதாக முடிவு. உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

"என்ன தெரியுது?" என்று ஃபிரேம் கேட்டது.

"கறுப்பு போய் பச்சை வந்திருக்கு" என்றது உப்புத்தாள்.

"அதுக்கும் கீழே?"

"பறக்காதே. ஆரஞ்சு மாதிரி இருக்கு."

தான் ஆரஞ்சாகப் பிறந்தது அன்றுதான் ஃபிரேமுக்குத் தெரிந்தது. அதற்கு ஒரே சந்தோஷம். ஆனால் கழுத்தருகே, ஹேண்டில்பார் இறங்கும் குழாயோரம், உப்புத்தாள் சட்டென்று நின்றது.

"ஏன் நின்னுட்டே?"

"இங்கே ஒரு கோடு இருக்கு. தலைமுடி கனம்தான்."

"கீறலா? விரிசலா?"

"இன்னும் நாலு தேய் தேய்ச்சா தெரிஞ்சிடும். கீறல்னா மறையும், விரிசல்னா நிக்கும். விரல் அசைஞ்சாத்தானே நான் அசைய முடியும்!"

விரல் அசையவில்லை. செல்வினும் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டார். கீறல் என்றால் கவலையில்லை. விரிசல் என்றால் நேரே காயலான் கடைதான். இத்தனை பாடுபட்ட மனிதருக்குப் பதிலைத் தெரிந்துகொள்ளப் பயம். பள்ளம் மேடு நிரவுகிற பட்டி டப்பாவைத் திறந்தார்.

பட்டி குழைந்தபடி வந்து கோட்டின்மேல் உட்கார்ந்தது.

"கொஞ்சம் இரு, அது என்னன்னு பார்த்துட்டு மூடேன்" என்று ஃபிரேம் கெஞ்சியது.

"பார்த்து என்ன பண்ணப் போறே? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதுதான் கஷ்டம். இது நூல் அளவு கோடு. எம்மேல பெயிண்ட் உட்கார்ந்தா பெத்தவனுக்கே தெரியாது."

பெயிண்ட் வந்து உட்கார்ந்தது. பளபளவென்று மின்னியது. செல்போன் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தது. "மாப்பிள்ளைக் களை வந்துடுச்சுப்பா!" என்று ஃபிரேமைக் கேலி செய்து, படங்களை இணையத்தில் ஏற்றியது. ஃபிரேமுக்கு மட்டும் கழுத்தோரம் ஏதோ அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. அழகைப் பற்றி அதற்கு அக்கறை இல்லை. அங்கே என்ன இருக்கிறது என்ற கேள்விதான் அரித்துக்கொண்டிருந்தது.

ஏலகிரி அடிவாரத்திலிருந்து நஸீமா என்ற பெண் கூப்பிட்டாள். மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுகிறவள்.

"அண்ணே, படமெல்லாம் ஜோரா இருக்கு. ஆனா பானை வாங்கினாக்கூட நாங்க தட்டிப் பார்த்துத்தான் வாங்குவோம். போனைக் கிட்ட வெச்சு இதையும் தட்டிக் காட்டுங்க."

செல்வின் ஸ்பேனரை எடுத்துக் கீழ்க்குழாயைத் தட்டினார். 'ணங்' என்றது. மேல்குழாயும் 'ணங்'.

"கழுத்துக்கிட்ட?"

தட்டினார். 'தொப்'.

"நல்லாப் பாடு!" என்று பட்டி கிசுகிசுத்தது.

"நீ வாயிலே உட்கார்ந்திருக்கும்போது எப்படிப் பாடுறது?" என்றது ஃபிரேம்.

"அங்கே என்னமோ இருக்கு அண்ணே. எனக்கு வேணாம்" என்று நஸீமா வைத்துவிட்டாள்.

செல்வின் ஃபிரேமையே பார்த்துக்கொண்டிருந்தார். இறக்கத்தில் அந்தப் பெண் வேகமாக வருவது போலவும் சைக்கிளின் கழுத்து முறிவது போலவும் அவருக்குத் தோன்றியது.  பெயிண்ட் போனால் போகிறதென்று சுரண்டியை எடுத்தார்.

பட்டி பொருக்குப் பொருக்காகத் தரையில் விழுந்தது. உப்புத்தாள் வந்து தேய்த்தது. ஃபிரேம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. தேய்க்கத் தேய்க்கக் கோடு மெலிந்தது. பிறகு காணாமலே போனது. கீழே முழு இரும்பு.

"கீறல்தான்டா!" என்று உப்புத்தாள் கத்தியது.

செல்வின் நஸீமாவைத் திரும்பக் கூப்பிட்டார். "அம்மா, ஒரு கோட்டைப் பார்த்துப் பயந்து பட்டி போட்டு மூடிட்டேன். தப்புதான். இப்போ சுரண்டிட்டேன், கேளுங்க." கழுத்தைத் தட்டினார். கடை முழுக்கக் கணீரென்று கேட்டது.

நஸீமா இன்னொரு முறை தட்டச் சொல்லிக் கேட்டாள்.

"அந்த இடத்துல மறுபடி எதையும் பூசிடாதீங்க. துரு ஏறாம எண்ணெய் மட்டும் தடவி அப்படியே அனுப்புங்க அண்ணே."

செல்வின் அட்டைப்பெட்டி தேடிப் போனார். தரையில் கிடந்த பட்டிக்கு ஆற்றாமை தாங்கவில்லை.

"ஏதோ கீறலாப் போச்சு, தப்பிச்சே. விரிசலா இருந்திருந்தா? காயலான் கடைக்குப் போயிருப்பியே!"

"போயிருப்பேன்" என்றது ஃபிரேம். "அந்தப் பொண்ணு பத்திரமா வீட்டுக்குப் போயிருப்பா."