ஏரிக்கரைப் புல்

கொள்ளிடத்துக்குத் தெற்கே இந்தக் கதையைப் பலவாறாகச் சொல்கிறார்கள். அறச்சாலைக்கு நிலம் மூன்று வேலி என்பார் உண்டு. நான்கு என்பாரும் உண்டு. அதில் விளைந்த நெல்தான் நாள்தோறும் இருநூறு பேருக்குச் சோறாயிற்று என்பதில் மட்டும் பேதமில்லை.

நிலத்தைப் பார்த்துக்கொண்டவர் மாசிலாமணி. அறுபதைத் தாண்டிய பின் சீடரானவர். அவருடைய ஆசிரியை உமையாளுக்கு நாற்பதுதான் இருக்கும். வேளாண் கல்லூரியில் களைகளை ஆராய்ந்துவிட்டுத் துறவு பூண்டவர்.

மூன்றாண்டுகளாக மாசிலாமணி ஒரே களைக்கொல்லியைத் தெளித்துவந்தார். முதலாண்டு குதிரைவாலிப் புல் கருகி மடிந்தது. மூன்றாம் ஆண்டில் நெல்லுக்குச் சரிபாதியாக நின்றது. வரப்பில் போன களையெடுப்புக்காரி செம்பாயி, இந்த வருஷம் அறுவடையா மேய்ச்சலா சாமி என்று கேட்டுவிட்டுப் போனாள். சித்திரையிலேயே களஞ்சியம் துடைத்துவைத்தாற்போல் ஆயிற்று. இரவுப் பந்தி நின்றுபோனது.

அடுத்த போகத்தில் மூன்று வேளையும் பந்தி நடக்கும் என்று சமையற்கட்டில் எல்லாரும் கேட்கச் சபதம் செய்தார் மாசிலாமணி. பிறகு ஆசிரியையிடம் போனார். களைக்கொல்லி விற்ற கடைக்காரர் கலப்படம் செய்கிறாரோ என்று ஐயுற்றதையும், அளவை மும்மடங்காக்க எண்ணியிருப்பதையும் மறைக்காமல் சொன்னார்.

"அம்மா, மருந்தைக் குடித்துக் குடித்து இந்தப் புல் பழகிக்கொண்டதா?"

காட்டுக்குள் ஓர் ஏரி இருந்தது. அதன் கரையில் எவரும் உழுததில்லை, மருந்து பட்டதுமில்லை. அங்கிருந்து அதே புல்லின் விதையை மூன்று படி திரட்டிவரச் சொன்னார் உமையாள். தனிப் பாத்திகளில் விதைத்து, மூன்றிலை விட்டதும் அதே மருந்தை மாசிலாமணியின் கையாலேயே தெளிக்கச் செய்தார்.

இருபது நாளில் பாத்திகள் வைக்கோல் நிறமாயின. நடுவே ஒரு தூர் பச்சையாய் நின்றது. இரண்டு தூர் என்று சொல்வோரும் உண்டு. ஒன்றும் நிற்கவில்லை என்று சொல்வோர் இல்லை.

தெளிப்பில் தப்பியிருக்கும் என்றார் மாசிலாமணி. அதன் மேல் மட்டும் மறுபடி தெளித்தார். பத்து நாள் கழித்தும் அது நின்றது.

"இதை யார் பழக்கியது, ஐயா?"

"ஒருவருமில்லை."

"மருந்து போய்ப் பற்றும் இடம் ஒன்று புல்லுக்குள் இருக்கிறது. இதன் மரபணுவில் ஓர் எழுத்து மாறியதால் அந்த இடம் சற்றே கோணல். மருந்துக்குப் பிடி கிடைக்கவில்லை. பிறவியே இப்படி."

முதலாண்டு தெளித்த பின் தம் வயலிலும் ஆறு தூர் நின்றதைச் சொன்னார் மாசிலாமணி. களையெடுக்க வந்த செம்பாயியின் கூட்டத்தை, ஆறு தூருக்குப் பன்னிரண்டு கையா என்று சிரித்துத் திருப்பி அனுப்பியதையும் சொன்னார்.

"உங்கள் ஊரில் விதைநெல் வயலை எப்படிப் பேணினீர்கள்?" என்றார் உமையாள்.

"வேண்டாத கதிரையெல்லாம் அறுத்தெறிவோம். வேண்டியதை மட்டும் முற்றவிடுவோம்."

மூன்றாண்டாக மருந்து தெளித்து இப்படிப்பட்ட புல்லைத்தான் முற்றவிட்டிருக்கிறேன் என்றார். குனிந்து அந்தத் தூரை வேரோடு பிடுங்கினார்.

"இந்தப் போகத்துக்கு எந்த மருந்து, அம்மா? இருநூறு பேருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்."

"மருந்தை மாற்றுங்கள். மாற்றினாலும், தெளித்த இருபதாம் நாள் செம்பாயியை அழைத்துக்கொண்டு வயலில் இறங்குங்கள். ஒரு தூர் நின்றாலும்."